கண்காணிப்பும் கவனிப்பும்: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உடல்நல அளவுகள்

முன்னுரை

தெம்பனிஸ் வட்டார அடுக்குமாடி வீடுகளில் தனித்து வாழும் முதியோர், காலையில் எடுத்த இரத்த அழுத்த அளவையோ சர்க்கரை அளவையோ படம்பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவது இன்று இயல்பான காட்சியாகும். பிள்ளைகள் வேறு வட்டாரத்திலோ வேறு நாட்டிலோ இருப்பர். இவ்வழக்கத்தைத் தொலைக் கண்காணிப்பின் எளிய வடிவம் எனப் பாராட்டுவோர் உளர். அப்பாராட்டு எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை மதிப்பிட முற்படுகிறது.

எம் குடும்பச் சான்றையே முதலில் நோக்குவோம். தெம்பனிசில் வாழும் எம் பெரியம்மா ஆறு நாள் தொடர்ந்து அளவுகளை அனுப்பினார். மேல் எண் 138, 144, 151 என ஏறிக்கொண்டே சென்றது. குழுவிலிருந்த பதினொருவரும் கட்டைவிரல் குறியிட்டோம். ஏழாம் நாள் படம் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தபோதுதான், மாத்திரை தீர்ந்து ஒரு வாரத்திற்கு மேலாயிற்று என்பது தெரிந்தது. "அளவைத்தான் அனுப்புகிறேனே, யாராவது கேட்பீர்கள் என்றிருந்தேன்" என்றார்.

சொல்லும் பொருளும்

'கண்காணிப்பு' என்னும் சொல் காவல்துறையின் வேவு நோக்கையும் குறிக்கும். நோயாளியைப் பேணுதலையும் குறிக்கும். இதனோடு உறவுடைய 'கண்காணி' என்னும் சொல் இலங்கை, மலாயாத் தோட்டங்களில் 'கங்காணி' எனத் திரிந்து, ஆள் சேர்த்து வேலைவாங்கியவரைச் சுட்டியது. மலாயாவிற்குத் தொழிலாளர் அனுப்பப்படுவதை 1938-இல் இந்திய அரசு தடைசெய்தபின் கங்காணி ஆட்சேர்ப்பு முடிவுற்றது. சொல்லின்மேல் படிந்த அதிகார நிழல் முற்றும் நீங்கவில்லை. ஆகவே, பார்ப்பவர் விடையளிக்கும் கடமையை ஏற்றவரா என்னும் வினாவே கண்காணிப்பையும் கவனிப்பையும் வேறுபடுத்தும் எனக் கருதுகிறோம்.

விடுதிகள் தரும் சான்று

2020-இல் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் கொவிட்-19 பரவியபோது, தமிழ்நாட்டவர் உள்ளிட்ட ஊழியர்கள் நாளுக்கு இருமுறை உடல்வெப்பத்தையும் நோய்க்குறிகளையும் மனிதவள அமைச்சின் 'எஃப்டபிள்யூமாம்கேர்' செயலியில் பதிந்தனர். நலங்குன்றியோர் தொலைவிலிருந்தே மருத்துவரிடம் பேசவும் வழி இருந்தது. அவ்வகையில் அது கவனிப்பே. ஆயினும், அச்செயலியை வைத்திருத்தல் வேலைக்கு வெளிச்செல்லும் அனுமதியின் நிபந்தனைகளுள் ஒன்றாயிற்று. காய்ச்சல் எனப் பதிந்தால் கூலி போகுமோ என ஒருவர் தயங்குவதற்கு அங்கு இடமுண்டு.

தொடர்புத் தடமறியும் 'டிரேஸ்டுகெதர்' தரவைக் குற்றவியல் விசாரணைக்குக் காவல்துறை பெறலாம் என்பது 2021 சனவரியில் நாடாளுமன்றத்தில் வெளிப்பட்டது. மறுமாதமே அதனை ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுப்படுத்திச் சட்டம் இயற்றப்பட்டது. அரசின் கண்காணிப்பை இவ்வாறு அவையில் வினவ முடிந்தது. குடும்பக் குழுவை வினவ அத்தகைய மன்றம் இல்லை. 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தனிப்பட்ட அல்லது குடும்ப நிலையில் செயற்படுவோரைக் கட்டுப்படுத்துவதில்லை. வாட்ஸ்அப்பின் மறையாக்கம் செய்தியை வழியில் காக்கும்; பெற்றுக்கொண்ட உறவினர் அதனைப் பிறர்க்கு அனுப்புவதைத் தடுக்காது.

அளவும் விடையும்

வீட்டில் அளவெடுப்பதன் பயனை மறுத்தல் எம் நோக்கமன்று. பல ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் 'பிளாஸ் மெடிசின்' இதழில் வெளிவந்த ஆய்வு இங்குக் கருதத்தக்கது. தாமே அளவெடுத்தல் மட்டும் நிகழ்ந்தவிடத்து மேல் அழுத்தம் சராசரியாக 1 மி.மீ. அளவே குறைந்தது, மருந்தைச் சீரமைத்தல், அறிவுரை போன்ற செறிந்த துணை சேர்ந்தவிடத்து 6.1 மி.மீ. குறைந்தது. கருவி ஒன்றே, வேறுபாட்டை உண்டாக்கியது விடையே எனலாம்.

குழு என்பது அன்பின் வெளிப்பாடு, மருந்தகமன்று என்று சிலர் கூறக்கூடும். அது ஏற்கத்தக்கதே. ஆனால் பதினொருவர் பார்க்கிறார்கள் என்னும் நம்பிக்கை, பலதுறை மருந்தகத்திற்குச் செல்லும் ஒருநாளைத் தள்ளிப்போடச் செய்யுமாயின், அவ்வன்பே இடையூறாகிறது. மேலும், 'தலை கிறுகிறுக்கிறது', 'நெஞ்சு படபடக்கிறது' என்று முன்பு வாய்விட்டுச் சொன்ன முதியவர், இன்று படத்தை மட்டும் அனுப்பி அமைகிறார். அளவு வந்தது, உடலைப் பற்றிய பேச்சு குறைந்தது.

முடிவுரை

குடும்பங்கள் இவ்வழக்கத்தைக் கைவிட வேண்டுவதில்லை, திருத்திக்கொள்ளலாம். முதலாவது, அளவைப் படித்து அன்றே அழைத்துப் பேசும் பொறுப்பை ஒருவர் ஏற்கவேண்டும். இரண்டாவது, அளவோடு உடல் எப்படியிருக்கிறது, மாத்திரை உண்டா என்பனவும் ஓரிரு சொற்களில் இடம்பெறவேண்டும். மூன்றாவது, வீட்டில் எடுக்கும் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து நிற்குமாயின், அக்குறிப்பு குழுவில் தங்காமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். யாருக்கு அனுப்புவது என்பதை முதியவரே முடிவுசெய்தல் இவற்றுக்கெல்லாம் அடிப்படையாகும்.

எம் பெரியம்மா இப்போது அளவுகளைக் குழுவிற்கு அனுப்புவதில்லை. தம் இளைய மகளுக்கு மட்டும் அனுப்புகிறார். அவர் நாள்தோறும் அழைக்கிறார்.