மேய்ந்த தடம்

மீன்தொட்டிக்கு நத்தை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஓட்டின் நிறத்தில் மயங்குகிறார்கள். நான் முதலில் பார்ப்பது அது ஒட்டியிருக்கும் கண்ணாடியை. பாசி படிந்த கண்ணாடியில் நத்தை ஊர்ந்துபோன இடத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், வளைந்து வளைந்து செல்லும் ஒரு தடம் தெரியும். தலையை இடமும் வலமுமாக ஆட்டி, நாக்கால் சுரண்டிக்கொண்டே முன்னேறியதன் அடையாளம் அது. தடம் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, பின்னால் எவ்வளவு பாசி மிஞ்சியிருக்கிறது என்பதிலேயே நத்தையின் தரம் தெரிந்துவிடும்.

நத்தையின் நாக்கு ஒரு நாடா. அதன்மேல் வரிசை வரிசையாக நுண்பற்கள். முன்பற்கள் தேயத் தேயப் பின்னாலிருந்து புதியவை வந்துகொண்டே இருக்கும். நம் ஏரி, வயல்களில் கிடைக்கும் பெருநத்தைக்கும், கடைகளில் ‘மிஸ்டரி’ என்ற பெயரில் விற்கும் தென்னமெரிக்க நத்தைக்கும் வரிசைக்கு ஏழு பற்கள்தான். மிஞ்சிய தீவனத்தையும் அழுகிய இலையையும் அவை நன்றாகத் தின்னும். கண்ணாடியில் இறுகிய பாசி அவற்றுக்குச் சுலபமில்லை. ‘நெரைட்’ நத்தைக்கோ நடுப்பற்களின் இரு ஓரங்களிலும் மெல்லிய பற்கள் அடர்ந்திருக்கும். பஞ்சால் தேய்த்தும் போகாத பச்சைப் புள்ளிப் பாசியை அது வழித்தெடுத்துவிடும். மேய்ச்சலில் இதை மிஞ்சும் இன்னொரு நத்தையை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் எல்லாப் பாசியும் நத்தைக்கு ஆகாது. புதுத் தொட்டியில் படியும் பழுப்புப் படலத்தை அநேகமாக எல்லா நத்தையும் தின்னும். கறுந்தாடிப் பாசியைத் தின்னும் என்று நம்பி எதையும் வாங்க வேண்டாம். நீலப்பச்சையாக வழுவழுவென்று மூடுவது பாசியே அல்ல, பாக்டீரியா. அதை நத்தை சீண்டாது.

அடுத்த குணம் அடக்கம். குளத்துச் செடியோடு ஒட்டிவரும் தட்டைச்சுருள் நத்தை ஒன்றே ஒன்று போதும், துணையில்லாமலே முட்டையிட்டுத் தொட்டியை நிரப்ப. கூம்பு ஓட்டுடன் மணலுக்குள் புதையும் ‘ட்ரம்பெட்’ வகையில் பெண் நத்தை ஆணின்றியே குட்டி போடும். நெரைட் அப்படிப் பெருகாது. கல்லிலும் கட்டையிலும் எள் அளவில் வெள்ளை முட்டைகளை ஒட்டும். ஆனால் அதன் இளவுயிரி வளர உப்புக் கலந்த நீர் வேண்டும். எங்கள் திருத்தணியும் பழவேற்காடும் ஒரே திருவள்ளூர் மாவட்டம்தான். ஆனாலும் பழவேற்காட்டு உவர்நீரில் நடப்பது திருத்தணித் தொட்டியில் நடக்காது. வெள்ளைப் புள்ளிகள் கண்ணை உறுத்தும், உண்மைதான். பெருக்கத்தோடு ஒப்பிட்டால் அது சின்னக் குறை.

ஓட்டின் அழகுக்கு இப்போது வரலாம். திருத்தணிக்குப் பக்கத்துப் பொதட்டூர்பேட்டையில் தறியைப் பார்த்தவர்களுக்கு நெரைட்டின் ஓடு சட்டென்று புரியும். ஊடை நூல் ஒவ்வொன்றாக ஏற ஏறக் கரை உருவாவதுபோல, நத்தையின் மேலங்கித் தசை ஓட்டின் விளிம்பில் வரி வரியாகச் சுண்ணத்தையும் நிறமியையும் சேர்க்கிறது. வரிக்குதிரைக் கோடும் புலிக் கோடும் இப்படி வந்தவைதான். இக்கோலங்களைக் கணிதச் சமன்பாடுகளால் வரைந்து காட்டிய ஜெர்மானியர் ஹான்ஸ் மைன்ஹார்ட், 1995-இல் அவற்றைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஒன்றைப் போல் இன்னொன்று அச்சாக இருக்காது என்பதால் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு சுகம் உண்டு.

அந்தச் சுண்ணத்துக்குத் தண்ணீர் ஒத்துழைக்க வேண்டும். பாத்திரத்தில் வெள்ளை படியவைக்கும் போர்த் தண்ணீரை நாம் திட்டுகிறோம். நத்தைக்கு அதுவே நல்லது. புளிப்பேறிய மென்னீரில் ஓடு கரைந்து நுனி வெளுக்கும். செம்புக் குடத்துத் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. செம்பு கலந்த மீன் மருந்தும் நத்தைக்கு நஞ்சு. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் திருத்தணிச் சித்திரையில் சூடேறிய நீரில் பிராணவாயு குறையும். அந்த நாட்களில் தன் மூச்சுக்குழாயை நீர்மட்டத்துக்கு மேல் நீட்டிக் காற்றை இழுக்கும் மிஸ்டரி நத்தைக்குத் தனிச் சாமர்த்தியம். நெரைட்டுக்கு ஏர் பம்ப் ஓடியே ஆக வேண்டும்.

வாங்க வேண்டுமானால் மின்ரயிலில் வில்லிவாக்கம் இறங்கிக் கொளத்தூர் போகலாம். அடியில் மல்லாந்து கிடப்பதை விடுங்கள். கண்ணாடியைப் பற்றியிருப்பதை எடுங்கள். தொட்டதும் அது தன் ஓட்டின் மூடியை இறுக்கிச் சாத்த வேண்டும். துர்நாற்றம் வந்தால் வேண்டாம். குளத்து நத்தையைக் கொண்டுவந்து போடுவதும் தவறு, ஒட்டுண்ணிகள் கூடவே வரும். கடை நத்தையை ஏரியில் விடுவது அதைவிடத் தவறு. மிஸ்டரியின் உறவான பொன்நத்தை 1980களில் பிலிப்பைன்ஸுக்கு உணவுக்காகப் போய், நெல் நாற்றுகளைத் தின்று தீர்த்தது.

கடைசியாக எண்ணிக்கை. இருபது லிட்டருக்கு ஒரு நெரைட் தாராளம். பளபளவென்று துடைத்த தொட்டியில் அது பட்டினி கிடக்கும், சுரைக்காய்த் துண்டைப் பல நெரைட்டுகள் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆகவே முன்கண்ணாடியை நீங்கள் துடையுங்கள், பின்கண்ணாடியை அதற்கு விடுங்கள். பாசியை ஒழிக்க நத்தை வாங்குவது அவசரக்காரர் வேலை. நத்தைக்காகக் கொஞ்சம் பாசி வளர்க்கத் துணிகிறவர்தான் ரசிகர்.