சிந்தாத ஒயில்

கடலோர ஊரான உப்புவெளியில் மண் என்றால் கடல்மணல்தான். சிந்திய ஒயிலை அது தேக்கி வைக்காது, கிணற்று நீர் வரை இறக்கிவிடும். அதனால் ஒயில் பில்டரைச் சிந்தாமல் மாற்றுவது இங்கே மதிக்கத்தக்க கைத்திறன்.

1923இல் அமெரிக்கர் ஏர்னஸ்ட் சுவீட்லாண்ட் காருக்கு ஒயில் வடிகட்டி அமைத்தார். இன்றைய திருகு பில்டரைக் கழற்ற ஒரு சொப்பிங் பை பெரிய துணை.

எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போதே பழைய ஒயிலை வடித்துவிட வேண்டும். பிறகு பில்டரைச் சற்றுத் தளர்த்தி, பையால் மூடி, பைக்கு மேலாகவே பிடித்துத் திருகினால் வழிவதெல்லாம் பைக்குள் அடங்கும். பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு வளையங்கள் சேர்ந்தால் ஒயில் பீறிடும்.

புது வளையத்தில் துளி ஒயில் பூசி, அது எஞ்சினைத் தொட்டபின் கையால் முக்கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலான பில்டர்களுக்குப் போதும். பழைய ஒயிலைக் கானில் ஊற்றி மூடி, கராஜில் சேர்க்கலாம்.