முடிக்கொத்து நோயும் மருந்துப் புட்டியும்

பயிர்ப் பாதுகாப்பு என்றதும் பூச்சிமருந்துப் புட்டிதான் நம் நினைவுக்கு வருகிறது. அப்புட்டியையும் விதைப் பையையும் சேர்த்தே விற்கும் உலக நிறுவனங்களுள் முன்னிற்பது சின்ஜென்டா. 2000-இல் சுவிட்சர்லாந்தில் உருவாகி, 2017-இல் சீன அரசு நிறுவனமான கெம்சைனாவின் கைக்குப் போயிற்று. இத்தகையோர் விற்கும் பாதுகாப்பு எதுவரை எட்டும்? பழனி மலையின் விருப்பாச்சி வாழையை உரைகல்லாகக் கொள்வோம்.

பஞ்சாமிர்தத்துக்கு உகந்த இவ்வாழை, 1970-களில் கீழ்ப்பழனி மலையில் சுமார் 18,000 ஹெக்டேரில் விளைந்தது. பின்னர் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. பெருங்காரணம் முடிக்கொத்து நோய். இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும், குலை தள்ளாது. இந்நோயின் வைரசைப் பரப்புவது அசுவினிப் பூச்சி. அதை மருந்தடித்துக் கொல்லலாம். நோயுற்ற மரத்தைத் தோண்டுமுன் அப்படிச் செய்வது நல்லதே. ஆனால் மரத்துக்குள் புகுந்துவிட்ட வைரசை எம்மருந்தும் தீண்டாது. நாம் உண்ணும் வாழைக்கோ விதையும் இல்லை! பக்கக் கன்றைப் பெயர்த்தே நடுகிறோம். நோயும் கன்றோடு அடுத்த தோட்டம் போய்ச் சேருகிறது.

ஆகவே தேவைப்பட்டது நோயற்ற கன்று. திசு வளர்ப்பில் அதை உண்டாக்கி, வைரஸ் இல்லையெனச் சோதித்துத் தந்தது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அதாவது மக்கள் வரிப்பணம். ஒரு மலைப்பகுதியின் விதையில்லாப் பயிரில் பெருநிறுவனத்துக்கு ஏது சந்தை? ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்பது அவர்கள் சரக்குக்குச் சற்றே பெரிய பெயர்தான்.

திசு வளர்ப்புக் கன்றுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு நோய்மரம் நின்றால் அசுவினி மீண்டும் கொண்டுவந்து சேர்த்துவிடும். அண்டைத் தோட்டக்காரர்கள் ஒரே சமயத்தில் நோய்மரங்களைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். அது எந்தக் கடையிலும் விற்பதில்லை.