தனிமைக்கு மருந்து எது?
சில திரைப்படங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

தனிமை என்னும் ஒரே சொல்லால் நாம் தமிழில் குறிக்கும் நிலைகளை அரபுமொழி பலவாகப் பிரித்து வழங்குகிறது. ஒருவர் தாமே விரும்பி ஒதுங்கியிருத்தல் ‘கல்வத்’. ஹிரா மலைக்குகையில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மேற்கொண்டது அதுவே. ஊரைப் பிரிந்து அயலிடத்தில் அந்நியராய் நிற்றல் ‘குர்பத்’. சுற்றிலும் ஆளிருந்தும் நெஞ்சு வெறிச்சோடிக் கிடத்தல் ‘வஹ்ஷத்’. இவ்வெறுமையை அகற்றும் நெருக்கத்திற்கு ‘உன்ஸ்’ என்று பெயர். மனிதனைக் குறிக்கும் ‘இன்ஸான்’ என்னும் சொல் இந்த ‘உன்ஸி’லிருந்து பிறந்தது என்பர் மொழிநூலாருள் ஒரு சாரார், மறதியைக் குறிக்கும் ‘நிஸ்யானி’லிருந்து பிறந்தது என்பர் மற்றொரு சாரார். இரண்டுமே நமக்குப் பொருந்துவன என்பதை யார் மறுப்பார்?

நம் திரைப்படங்களிற் பெரும்பாலானவை இவ்வேறுபாடுகளை அறியாதன. நாயகன் தனித்திருக்கிறான் என்றால் அவன் கையில் ஒரு மதுக்கோப்பையையும் வாயில் ஒரு சோகப் பாடலையும் கொடுத்துவிடுவர். நாயகி வந்து சேர்ந்ததும் தனிமை தீர்ந்தது என்று கணக்கை முடித்துவிடுவர். நோய் இன்னதென்று ஆராயாமலே மருந்து கொடுக்கும் வைத்தியம் இது.

இதைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? காரணம் இருக்கிறது. குற்றாலச் சாரல் எட்டிப் பார்க்கும் நம் கடையநல்லூர், தறியோசையோடு பயணத்தையும் பரம்பரைச் சொத்தாகக் கொண்ட ஊர். நம் முன்னோர் சிங்கப்பூர் சென்றபோது, பலர் குடும்பத்தோடு குடியேறினர். அங்கே 1941இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அமைத்தனர். 1946இல் உமறுப் புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளி கண்டனர். ‘குர்பத்’துக்கு அவர்கள் கண்ட மருந்து கூடி வாழ்தல். பின்வந்த வளைகுடாப் பயணமோ பெரும்பாலும் ஆண்மக்களைத் தனியே பிரித்தது. அங்கே ஓர் அறையில் பலர் நெருங்கிப் படுத்திருக்க, இங்கே பெரிய வீட்டில் ஒரு தாயும் ஒரு மனைவியும் கைப்பேசியை நோக்கியிருக்கின்றனர். இவர்கள் பார்க்கும் படம் தனிமையைப் பற்றி என்ன சொல்லுகிறது என்பது, ஆகவே, வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று.

தமிழிலக்கியம் இதனை முன்பே அறிந்தது. பாலைத்திணையின் உரிப்பொருள் பிரிவு. அதிலும் பொருள்வயிற் பிரிதல் தனியொரு துறை. ஆயினும் அகப்பாடலின் தலைவி முற்றிலும் தனித்தவளல்லள். அவள் சொல்வதைக் கேட்க ஒரு தோழி இருக்கிறாள். பழைய அரபுக் கவிஞன் இம்ரவுல் கைஸும், காதலி தங்கிச் சென்ற பாழிடத்தில் அழ நிற்கும்போது, இரு தோழர்களை உடன் நிறுத்திக்கொள்கிறான். துயரத்தைக் கேட்க ஒரு செவி வேண்டும் என்பதில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன.

இந்த அளவுகோலைக் கொண்டு, ரித்தேஷ் பத்ரா இயக்கி 2013இல் வெளிவந்த ‘தி லஞ்ச்பாக்ஸ்’ படத்தை நோக்குவோம். மறைந்த நடிகர் இர்ஃபான் கான் ஏற்ற சாஜன் பெர்னாண்டஸ், மனைவியை இழந்து ஓய்வுபெறவிருக்கும் கணக்கர். இலா, கணவனின் பாராமுகத்தால் வாடும் இல்லத்தரசி. மும்பையின் டப்பாவாலாக்கள் அரிதாகச் செய்யும் பிழையால் அவளது சாப்பாட்டு அடுக்கு அவரிடம் சேர, அதனுள் கடிதங்கள் போகவும் வரவும் தொடங்குகின்றன. இலாவுக்கு மேல்மாடியில் ஒரு ஆன்ட்டி உண்டு. படம் முழுதும் அவருடைய முகம் நமக்குக் காட்டப்படுவதில்லை. குரல் மட்டுமே கேட்கிறது. சங்கத் தோழி அடுக்குமாடிக் கட்டடத்தில் குரலாக மட்டும் எஞ்சிவிட்டாள் என்றே நமக்குத் தோன்றிற்று.

மணமான பெண் ஒருத்தி அயலாருக்கு மறைவாய்க் கடிதம் எழுதுவதை நம் குடும்பங்கள் ஏற்குமா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே, அக்கடிதப் போக்கை நாமும் முன்மாதிரியாகக் கொள்ளவில்லை. ஆனால் அப்படத்தில் மருந்து ஒன்றன்று, இரண்டு. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. அலுவலகத்தில் சாஜனின் இடத்துக்குப் பயிற்சி பெற வரும் ஷேக், தாய்தந்தையற்றவன். தன் பெயரையே தானே சூட்டிக்கொண்டவன். நவாஸுத்தீன் சித்தீகி இப்பாத்திரத்தை ஏற்றிருக்கிறார். முதலில் சாஜன் அவனைத் தட்டிக் கழிக்கிறார். பின்னர் தம் சாப்பாட்டை அவனோடு பகிர்கிறார். அவன் வீட்டுக்குச் சென்று உண்கிறார். இறுதியில் அவனது திருமணத்தில் அவன் தரப்பு உறவாகத் தாமே நிற்கிறார். கடிதத்தால் கிடைத்தது ஆறுதல். அது எங்கே கொண்டு சேர்க்கும் என்பதைப் படமே சொல்லாமல் முடிகிறது. ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்டு வளர்ந்த நமக்கு, ஷேக்கோடு பகிர்ந்த உணவால் பிறந்த உறவின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

சகரியா இயக்கிய ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ (2018) மலையாளப் படம், ‘குர்பத்’தை நம் திண்ணைக்கே கொண்டுவருகிறது. மலப்புறத்தில் கால்பந்தாட வந்து அடிபட்டுக் கிடக்கும் நைஜீரிய இளைஞன் சாமுவேலை, குழுவின் மேலாளன் மஜீதின் தாயும் அண்டைவீட்டு மூதாட்டியும் பேணுகின்றனர். அவன் மொழி அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மொழி அவனுக்குத் தெரியாது. அன்பு அதற்காகக் காத்திருக்கவில்லை. ஆயினும் இப்படத்தின் உயரிய நுட்பம் வேறிடத்தில் உள்ளது. கடல்கடந்து வந்தவன் மகனாகிவிட்ட அதே வீட்டில், தாயின் இரண்டாம் கணவர் மஜீதின் பாராமுகத்தால் அந்நியராகவே ஒதுங்கி நிற்கிறார். விருந்தாளியை அணைத்துக்கொள்வது எளிது. வீட்டுக்குள் இருக்கும் தனியரை அணைப்பதே கடினம் என்பதைப் படம் உரத்துப் பேசாமல் உணர்த்துகிறது.

சலீம் அகமதுவின் ‘பத்தேமாரி’ (2015), பொருள்வயிற் பிரிவின் முழுக்கதை. மம்மூட்டி ஏற்ற நாராயணன் மரக்கலத்தில் வளைகுடா சேர்ந்து, வாழ்நாளை அங்கே கழித்து, உயிரற்ற உடலாகவே ஊர் திரும்புகிறான். அங்கே அவனுக்கு மொய்தீன் என்னும் தோழன் இருக்கிறான். அறைத் துணைவர்கள் இருக்கின்றனர். ‘குர்பத்’தை அத்தோழமை ஓரளவு தணிக்கிறது. ‘வஹ்ஷத்’தோ வீட்டாரிடமிருந்து வருகிறது, அவன் அனுப்பும் பணம் வந்தது தெரிகிறதே ஒழிய அவன் வராதது தெரிவதில்லை. இப்படத்தின் குறை என்று ஒன்றைச் சொல்லலாம்: காத்திருக்கும் மனைவியின் தனிமைக்கு அது போதிய இடம் தரவில்லை. பாலைப்பாட்டில் முதலிடம் பெற்ற தலைவி இங்கே ஓரத்துக்குத் தள்ளப்படுகிறாள். அவளுடைய படத்தை எவரேனும் எடுக்க வேண்டும்.

தமிழில் மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ (2022) நாம் பெருமைப்படத்தக்கது. நடிகரல்லாத முதியவர் நல்லாண்டி ஏற்ற மாயாண்டி தனியே வாழ்பவர்; காதும் சரியாகக் கேளாதவர். ஆனால் அவரிடம் ‘வஹ்ஷத்’ இல்லை. பயிர் அவரை எதிர்நோக்கியிருக்கிறது. மயில்களைக் கொன்றதாக வழக்கில் சிக்கிச் சிறைக்குப் போனபோதும், அவர் கவலை தம்மைப் பற்றியதன்று. தண்ணீர் காணாத நாற்றைப் பற்றியது. தன்னை வேண்டி நிற்கும் ஓர் உயிர் இருக்கும்வரை ஒருவர் முற்றிலும் தனித்தவராவதில்லை.

இந்நான்கு படங்களையும் சேர்த்து நோக்கின் ஒன்று விளங்கும். தனிமையை நீக்குவது ஒருவர் நம்மை விரும்புவது மட்டுமன்று. நாம் ஒருவருக்குத் தேவைப்படுவதும் ஆகும். சாஜனுக்கு ஷேக், இரு தாய்மாருக்குச் சாமுவேல், மாயாண்டிக்குப் பயிர். நாராயணன் மட்டும் அனைவருக்கும் பொருளாகத் தேவைப்பட்டு, ஆளாகத் தேவைப்படாமற் போனான். ஆகவே அவனுக்கு மருந்து இல்லாமற் போயிற்று.

பயணத்தில் இருப்பவரோடு நம் வீடுகளில் நாள்தோறும் பேசுகிறோம். வந்த பணத்தையும் வரவேண்டிய பொருளையும் பேசி முடித்தபின், மகளின் படிப்பைப் பற்றியும் வீட்டு வழக்கைப் பற்றியும் அவரது கருத்தை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். முற்றத்தில் அமர்ந்திருக்கும் பெரியம்மாவிடம் சோற்றை நீட்டுவதோடு நில்லாமல், குழம்புக்கு உப்புப் பதம் பார்க்கச் சொல்லலாம். நல்ல படம் பார்த்து வந்த வீட்டில் இவ்வளவேனும் மாறவில்லையெனில், பார்த்ததன் பயன்தான் என்ன?