எண்ணப்பட்ட புதிரும் எண்ணப்படாத அறையும்: ‘பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்’ விளையாட்டின் மறைகுறிப்புகள்

ஆய்வுச்சுருக்கம்

கணினி விளையாட்டுகளில் இடம்பெறும் மறைகுறிப்புகளும் உள்வட்ட நகையாடல்களும் பெரும்பாலும் பட்டியலிடப்படுகின்றன. அரிதாகவே திறனாய்வு செய்யப்படுகின்றன. 2009ஆம் ஆண்டு வெளியான ‘பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்’ என்னும் விளையாட்டை முன்வைத்து, மறைகுறிப்பு எப்போது பொருள் தருகிறது, எப்போது வெறும் சேகரிப்பாகச் சுருங்குகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மறைகுறிப்பு, கணினி விளையாட்டு, பேட்மேன், பிசி, படைப்பாளர் உரிமை

முன்னுரை

இலண்டனைச் சேர்ந்த ராக்ஸ்டெடி ஸ்டுடியோஸ் உருவாக்கிய ‘ஆர்க்கம் அசைலம்’, ஒரு மனநலக் காப்பகத் தீவில் ஓர் இரவில் நிகழும் கதை. பிடித்துக் கொண்டுவரப்பட்ட ஜோக்கர் காப்பகத்தையே கைப்பற்றிக்கொள்ள, பேட்மேன் அத்தீவினுள் சிக்கிக்கொள்கிறான். கதைக்களம் சிறிது, ஆனால் அதற்குப் பின்னுள்ள மரபு பெரிது. பேட்மேன் 1939ஆம் ஆண்டு ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27ஆம் இதழில் தோன்றினான். ஆர்க்கம் காப்பகம் 1974இல் அவ்வரைகதை உலகில் இடம்பெற்றது. அதன் பெயர் எச்.பி. லவ்கிராப்ட் தம் திகில் கதைகளில் கற்பித்த ஊரின் பெயர். ஆக, விளையாட்டின் தலைப்பே ஒரு மறைகுறிப்பு. இம்மரபு முழுவதையும் ஒரு தீவுக்குள் அடக்க முனைந்த படைப்பாளிகளுக்கு மறைகுறிப்பு இன்றியமையாத கருவியாயிற்று.

ரிட்லரின் கணக்கு

விளையாட்டினுள் ரிட்லர் என்னும் எதிர்நாயகன் 240 அறைகூவல்களை விடுக்கிறான். அவற்றுள் ஒருவகை விடுகதைகள். அவன் குரல் ஒரு புதிரைச் சொல்லும். ஆட்டக்காரர் சூழலில் அதற்கான விடைப்பொருளைத் தேடிக் கண்டு, பேட்மேனின் கருவியால் பதிவு செய்ய வேண்டும். பனி உறைந்த ஒரு சிறையறை மிஸ்டர் ஃப்ரீஸைக் குறிக்கிறது. காட்சிப்பேழையிலுள்ள குடைகள் பெங்குவினைக் குறிக்கின்றன. இவ்விருவரும் விளையாட்டில் நேரில் தோன்றுவதில்லை. அவர்கள் விட்டுச்சென்ற பொருள்களே அவர்களுக்காகப் பேசுகின்றன.

தொல்காப்பியச் செய்யுளியல் பிசியை ஒப்புமையால் அமைவது, வெளிப்படக் கூறியதிலிருந்து துணிவது என இருவகைப்படுத்துகிறது. ரிட்லரின் விடுகதைகள் பெரும்பாலும் இரண்டாம் வகையை ஒத்தவை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பிசியின் இன்பம் விடையைத் துணிந்த கணத்தோடு நிறைவுறும். இங்கோ விடை கண்டதும் எண்ணிக்கையில் ஒன்று கூடுகிறது. கதைமாந்தர் பற்றிய குறிப்பேடு திறக்கிறது. குடையைக் கண்டு பெங்குவினை நினைவுகூர்ந்தவரும், யாரென்றே அறியாமல் அகப்பட்டதையெல்லாம் பதிவு செய்தவரும் ஒரே மதிப்பெண்ணைப் பெறுகின்றனர். நினைவுகூர்தல் சேகரிப்பாக மாறும் இடம் இதுவே. ஆணவம் மிக்க ரிட்லரைக் கணக்கனாக்கியது பாத்திரப்படைப்புக்குப் பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ளலாம். அதனால் குறிப்பின் பொருள் மெலிவது மறைந்துவிடவில்லை.

இதற்கு விதிவிலக்கு கிளேஃபேஸ் இருக்கும் கண்ணாடிச் சிறையறை. உருமாறும் ஆற்றலுடைய இவன், காப்பகத் தலைவராகவோ காவலராகவோ தோன்றித் தன்னை விடுவிக்குமாறு மன்றாடுகிறான். அதே மனிதரை வேறோர் இடத்தில் கண்டுவந்த ஆட்டக்காரர் ஐயுறுகிறார். வரைகதை மரபை அறியாதவரும் கூர்ந்து நோக்கினால் இப்புதிரை அவிழ்க்க இயலும். 2011இல் வெளிவந்த ‘ஆர்க்கம் சிட்டி’யில் இவனுடைய உருமாற்றமே கதையின் முதன்மைத் திருப்பமாகிறது. இங்கு மறைகுறிப்பு வித்தாகவும் பயன்பட்டுள்ளது.

பொருளை மாற்றும் குறிப்புகள்

ஸ்கேர்குரோவின் அச்ச மருந்து வேலை செய்யும் காட்சிகள் எண்ணிக்கைக்குள் அடங்காதவை. காப்பக மாளிகையின் நடைவழியில் பேட்மேன் நடந்துசெல்கையில், அவ்வழி சிறிது சிறிதாக மழை பெய்யும் தெருவாகிறது, பெற்றோரின் இறுதி உரையாடல் கேட்கிறது, நாயகன் சிறுவனாகிறான். பெற்றோர் கொல்லப்பட்ட நிகழ்வு பேட்மேன் கதையில் எண்ணற்ற முறை சொல்லப்பட்டது. இங்கு ஆட்டக்காரரின் கையிலுள்ள இயக்கமே அந்நினைவை நோக்கி நடக்கிறது. திரும்பிச் செல்ல வழியில்லை. பழகிய குறிப்பு புதிய உணர்வைப் பெறுவது இவ்வாறுதான்.

மற்றொரு காட்சியில் திரை குலைந்து விளையாட்டே பழுதடைந்ததுபோல் தோன்றுகிறது. பின்னர்த் தொடக்கக் காட்சி தலைகீழாக மீள்கிறது: ஜோக்கர் வண்டியோட்ட, பேட்மேன் கைதியாகக் கொண்டுசெல்லப்படுகிறான். ஜோக்கர் சுட்டதும் ‘ஆட்டம் முடிந்தது’ என்னும் திரை தோன்றி, குண்டிலிருந்து தப்ப நடுக்கோலைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்துகிறது. ஆட்டக்காரரின் கையிலுள்ள கருவியில் இடக்கோலும் வலக்கோலும் உண்டு. நடுக்கோல் என ஒன்றில்லை. இந்நகையாடலுக்கு வரைகதை அறிவு வேண்டியதில்லை. தன் கருவியையும் கண்ணையும் நம்பமுடியாத நிலைக்கு ஆட்டக்காரர் தள்ளப்படுகிறார். நாயகனின் மனக்குழப்பம் அவருக்கும் உரியதாகிறது. மறைகுறிப்பு ஊடகத்தையே பொருளாகக் கொண்ட சிறந்த தருணம் இது.

எண்ணப்படாத அறை

காப்பகத் தலைவர் குவின்சி ஷார்ப்பின் அலுவலகத்தில் ஒரு மறைவறை உண்டு. பிற மறைவிடங்களைக் காட்டிக்கொடுக்கும் பேட்மேனின் துப்பறியும் பார்வை இதைக் காட்டுவதில்லை. ரிட்லரின் 240இல் இது சேராது. குறிப்பிட்ட சுவரில் வெடிபசையைப் பூசி வெடிக்கச் செய்தால் மட்டுமே வழி திறக்கும். உள்ளே இருப்பவை அடுத்த விளையாட்டான ‘ஆர்க்கம் சிட்டி’யின் திட்ட வரைபடங்கள். விளையாட்டு வெளியாகிப் பல மாதங்கள் கடந்தபின், உருவாக்கியவர்களே சொன்ன பிறகுதான் இவ்வறை வெளிச்சத்துக்கு வந்தது. எண்ணிக்கை இருந்த இடமெல்லாம் துருவப்பட்டது. எண்ணிக்கை இல்லாத சுவர் தட்டப்படவே இல்லை. பட்டியல் தேடலைத் தூண்டுவதுபோல் தோன்றினும், தேடலின் எல்லையையும் அதுவே வகுத்துவிடுகிறது என்பதற்கு இவ்வறை சான்றாகும்.

மறைந்த பெயர்கள்

மறைகுறிப்பின் வரலாற்றை இங்கு நினைவுகூர்வது தகும். அட்டாரி நிறுவனம் விளையாட்டுகளை வடிவமைத்தோரின் பெயர்களை வெளியிடாத காலத்தில், ‘அட்வென்ச்சர்’ விளையாட்டை உருவாக்கிய வாரன் ராபினெட் அதனுள் ஒரு மறைவறை அமைத்துத் தம் பெயரைப் பொறித்தார். இத்தகைய ஒளிப்புகளுக்கு ‘ஈஸ்டர் முட்டை’ என்னும் பெயர் வழங்கியது அந்நிகழ்வை ஒட்டியே. அங்கு மறைத்தல் என்பது மறுக்கப்பட்ட உரிமையை நிலைநாட்டும் செயல்.

பேட்மேன் மரபிலும் இதே சிக்கல் உண்டு. பாப் கேனுடன் சேர்ந்து பேட்மேனை வடிவமைத்த பில் ஃபிங்கரின் பெயர் அதிகாரபூர்வப் படைப்பாளர் வரியில் பல பத்தாண்டுகள் இடம்பெறவில்லை. 2015இல்தான் அது ஏற்கப்பட்டது. அவர் இறந்ததோ 1974இல். ‘ஆர்க்கம் அசைலம்’ வெளியான 2009இல் அவ்வரி கேன் ஒருவரையே சுட்டிவந்தது. குடைக்கும் பனிக்கும் விடுகதை அமைத்த விளையாட்டின் கணக்கு கதைமாந்தரைப் பற்றியது. அவர்களைப் படைத்த கைகளைப் பற்றியதன்று. பெயரற்ற படைப்பாளி தன்னை அறிவித்துக்கொள்ளத் தோன்றிய உத்தி, உரிமையாளரின் சொத்துப் பட்டியலாக மாறியிருப்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

மறைகுறிப்பின் தரம் அதன் எண்ணிக்கையாலோ அருமையாலோ அமைவதில்லை. குறிப்பை அறியாதவருக்கும் காட்சி நிறைவாக நிற்க வேண்டும். அறிந்தவருக்கு அக்காட்சியின் பொருள் மாற வேண்டும். மழைத்தெருவும் கண்ணாடிச் சிறையறையும் இவ்வளவையில் தேறுகின்றன, நடுக்கோல் புறமரபை நாடாமலே தேறுகிறது, குடைப்பேழை தேறவில்லை. இவ்வகைப் படைப்புகளை ஆய்வோர், எத்தனை குறிப்புகள் உள்ளன என்பதோடு, அவை யாரை நினைவூட்டுகின்றன, யாரை விட்டுவிடுகின்றன என்னும் வினாவையும் எழுப்புதல் வேண்டும்.