தட்டில் வளர்க்கும் தடுப்பு

புதிய மருந்துகளை மனிதர்களிடம் சோதிக்கும் முன் விலங்குகளிடம் சோதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 டிசம்பரில் அமெரிக்கா நீக்கியது. மனிதச் செல்களைத் தட்டிலும் சில்லிலும் வளர்த்துச் செய்யும் ஆய்வுகளுக்கு அதன் பிறகு கிடைக்கும் வரவேற்பு அளவு கடந்துவிட்டது. பாக்டீரியா மூளைக்காய்ச்சலில் இரத்த-மூளைத் தடுப்பு எப்படி உடைகிறது என்ற கேள்விக்கும் இனி அந்தத் தட்டே விடை சொல்லிவிடும் என்கிறார்கள். சொல்லாது என்றே நான் கருதுகிறேன்.

தட்டால் நன்மை இல்லாமல் இல்லை. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் இயற்கையில் மனிதரை மட்டுமே தாக்கும் கிருமி. எலியை வைத்து அதை முழுமையாக அறிய முடியாது. பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மூளை நாளச் செல்களில் ஸ்னெயில்1 என்ற புரதத்தைத் தூண்டி, செல்களை இறுகப் பிணைக்கும் புரதங்களைக் குறைக்கிறது என்று 2015இல் தெரியவந்ததிலும் மனிதச் செல் வளர்ப்புக்குப் பங்கு உண்டு.

தட்டில் இருப்பவை உண்மையிலேயே மூளை நாளச் செல்கள்தானா என்ற ஐயமும் உண்டு. உயிருள்ள விலங்கின் மூளைப் பரப்பு நாளங்களில், தடுப்பின் இறுக்கத்தைக் காட்டும் மின்தடை ஆயிரம் அலகுகளைத் தாண்டும். பழைய செல் வகைகளில் அது சில பத்துகளே. 2012 முதல் குருத்துச் செல்களிலிருந்து உருவாக்கப்பட்டவை ஆயிரத்தை எட்டியதும் துறையே மகிழ்ந்தது. 2021இல் வேறொரு குழு அவற்றின் மரபணுச் செயல்பாட்டை ஆராய்ந்து, அவை நாளச் செல்களைவிட எபிதீலியச் செல்களையே ஒத்திருப்பதாக அறிவித்தது. ஒற்றை எண்ணை நம்பிப் பெயர் சூட்டியதால் வந்த வினை இது. ஆனால் நல்ல செல்களை உருவாக்கிவிட்டால் இந்தக் குறை தீர்ந்துவிடும்.

என் நெடுநாளைய மறுப்பு வேறு. பெரும்பாலான தட்டுகளில் செல்லும் பாக்டீரியாவும் மட்டுமே இருக்கின்றன. ஒரு செல்லுக்குப் பத்து பாக்டீரியா என்ற கணக்கில் ஊற்றிவிட்டு, சில மணி நேரத்தில் எத்தனை மறுபக்கம் போயின என்று எண்ணுகிறார்கள். பாக்டீரியா உள்ளே நுழைவது நோயின் தொடக்கம் மட்டுமே. தடுப்பு பெரிதாக உடைவதும் மூளை வீங்குவதும் அதன் பிறகு, பெருமளவுக்கு நம் உடலே நடத்தும் போரினால். கிருமியின் செல்சுவர்த் துணுக்குகளைக் கண்டு அழற்சி மூள்கிறது. நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. அவை விடும் நொதிகள் நாளத்தின் அடித்தளச் சவ்வை அரிக்கின்றன. நியூமோலைசின் போன்ற பாக்டீரிய நச்சுகளும் செல்களைக் கொல்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் படையே இல்லாத களத்தில் போரை எப்படி ஆராய்வது?

இதற்குச் சான்று எப்போதோ கிடைத்துவிட்டது. 1989இல் முயல்களில் நடந்த ஆய்வில், வெள்ளணுக்கள் நாளச் சுவரில் ஒட்டாதபடி எதிர்ப்பொருள் கொடுத்துத் தடுத்தார்கள். மூளை வீக்கம் குறைந்தது, இறப்பும் குறைந்தது. 2002இல் ஐரோப்பாவில் 301 பெரியவர்களிடம் டெக்ஸாமெதசோன் சோதிக்கப்பட்டபோது இறப்பு 15 விழுக்காட்டிலிருந்து 7 ஆகக் குறைந்தது. அந்த ஸ்டீராய்டு ஒரு பாக்டீரியாவைக்கூடக் கொல்லாது, அழற்சியைத்தான் அடக்குகிறது. முதல் தவணை ஆன்டிபயாடிக்குக்குச் சற்று முன்போ அதனுடனோ அதைக் கொடுப்பதன் காரணமும் அதுவே: ஆன்டிபயாடிக் உடைத்துப்போடும் கிருமிகளின் துணுக்குகள் அழற்சியை மேலும் கிளறிவிடும். மலாவியில் நடந்த சோதனைகளில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. அங்கே நோயாளிகள் தாமதமாக வந்தார்கள், பெரியவர்களில் பெரும்பாலோருக்கு எச்ஐவி இருந்தது. ஒரே மருந்து இரு இடங்களில் இரு விதமாக நடந்துகொண்டதற்கான காரணத்தை, நோயெதிர்ப்பு அமைப்பே இல்லாத ஒரு செல் அடுக்கிடம் கேட்டு என்ன பயன்?

சில்லில் நீரோட்டம் சேர்த்திருக்கிறோம், நாளத்தைச் சூழும் பெரிசைட், ஆஸ்ட்ரோசைட் செல்களையும் சேர்த்திருக்கிறோம் என்று பதில் சொல்கிறார்கள். சுவரைத்தான் மேலும் அழகாகக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளணுக்களைச் சேர்த்துச் செய்யும் ஆய்வுகள் மிகச் சிலவே. அவை மட்டுமே என் மதிப்பைப் பெறுகின்றன.

வெள்ளணு இல்லாத தட்டில் கண்டதை வைத்து, நோயாளியின் தடுப்பு உடையும் வழியைக் கண்டுவிட்டோம் என்று எழுதும் கட்டுரைகளை இதழ்கள் அப்படியே ஏற்கக் கூடாது. நோயாளியிடமிருந்து எடுத்த சான்றையும் கேட்க வேண்டும். அது எட்டாத பொருளல்ல. அல்புமின் கல்லீரலில் உருவாகும் புரதம்; தண்டுவட நீரில் அது இருந்தால் இரத்தத்திலிருந்தே வந்திருக்க வேண்டும். இரத்தத்திலும் தண்டுவட நீரிலும் அதன் அளவை ஒப்பிட்டால் கசிவின் அளவு ஓரளவு தெரிந்துவிடும். மூளைக்காய்ச்சல் என்று ஐயுற்றால் மருத்துவமனைகள் பொதுவாக இரத்தம், தண்டுவட நீர் இரண்டையும் எடுக்கத்தான் செய்கின்றன.