ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு

ஓர் அளவையை மற்றோர் அளவையாக மாற்றுவது பள்ளிக் கணக்கின் வறண்ட பகுதி என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். எனினும் பணத்தை நெல்லாகவும், நெல்லை அரிசியாகவும், அரிசியை அமுதாகவும் நாள்தோறும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய ஒரு பெருங்கோயிலின் கணக்கை நெருங்கிப் பார்ப்பவர்க்கு, சிற்பியின் உளிவேலைக்குச் சற்றும் குறையாத நுட்பம் அதில் புலப்படும். திருமலை, திருப்பதிக் கோயில்களின் சுவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் உழைப்பால் 1930களில் தேவஸ்தானம் தொகுதி தொகுதியாக வெளியிட்ட இவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. அரசர் பெயருக்காகவும் ஆட்சியாண்டுக்காகவும் இவற்றைப் படித்தவர் பலர். கணக்கின் அழகுக்காகப் படித்தவர் மிகச் சிலரே.

விசயநகரக் காலத்துக் கல்வெட்டு ஒன்றின் போக்கு பெரும்பாலும் இவ்வாறு அமையும்: அடியார் ஒருவர் கோயில் பண்டாரத்தில் இத்தனை பணம் செலுத்துவார், கோயில் நிருவாகிகளான தானத்தார் அப்பணத்தைக் கோயிலுக்குரிய ஊர்களில் ஏரியும் காலும் வெட்டுவதற்கு இடுவர், அதனால் மிகுந்து விளையும் நெல்லைக் கொண்டு அவர் பெயரால் திருப்போனகம், அதாவது இறைவனுக்குப் படைக்கும் சோறு, நித்தமும் நடக்கும். அதற்கான அரிசி, 'மலைகுனிய நின்றான்' என்று இறைவன் பெயரையே தாங்கிய மரக்காலால் அளக்கப்படும். நெய்யமுது, பயற்றமுது, உப்பமுது, மிளகமுது, தயிரமுது ஆகியவை நாழி, உழக்கு, ஆழாக்கு எனத் தனித்தனியே குறிக்கப்படும். படைத்த பிரசாதத்தில் நாலில் ஒன்று 'விட்டவன் விழுக்காடு' என்ற பெயரால் கொடையாளிக்குச் சேரும். நூற்றுக்கு இத்தனை என்று இன்று பொருள்படும் விழுக்காடு என்னும் சொல், இங்கே பங்கு என்ற தன் பழைய பொருளோடு நிற்பதைக் காணலாம். பணம் வாய்க்காலாகி, வாய்க்கால் நெல்லாகி, நெல் சோறாகி, சோற்றில் காற்பங்கு கொடுத்தவர் கைக்கே திரும்பி வருகிற இந்தச் சங்கிலியில், ஒவ்வொரு கணுவும் ஓர் அளவை மாற்றமே.

இம்மாற்றங்களைத் தாங்கிய முகத்தல் வாய்பாடு, அதாவது தானியத்தையும் நெய்யையும் கலத்தால் முகந்து அளக்கும் முறை, பெரும்பாலும் இரட்டித்தலால் கட்டப்பட்டது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, அதுவே மரக்கால். இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். பாதியாக்குவதற்கு எழுத்தோ ஏடோ வேண்டியதில்லை. ஒரே அளவுள்ள இரு கலங்களில் சமமாக ஊற்றினாலே கணக்கு முடிந்துவிடும் என்பதால், மடைப்பள்ளிக் கைகளுக்கு இதனினும் ஏற்ற வாய்பாடு அமைவது அரிது. ஆயினும், உச்சியில் மூன்று தூணி ஒரு கலம் ஆவதைத் தவிர, ஏணியின் அடிப்படி மட்டும் இந்த ஒழுங்கிலிருந்து விலகி நிற்கிறது: ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டிரண்டாக ஏறும் வரிசையில் ஐந்து எதற்கு என்ற கேள்விக்கு, ஒரு கலம் நெல்லைக் குத்திப் பார்த்தால் விடை கிடைக்கும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லை அரிசியாக்க 'ஐஞ்சிரண்டு' என்றொரு விகிதம் வழங்குகிறது. ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்பது அதன் பொருள். ஒரு கலம் நெல் 96 நாழி. அதை ஐந்தால் வகுத்து இரண்டால் பெருக்கினால் 38 நாழியும், ஒரு நாழியில் ஐந்தில் இரண்டு பங்கும் வரும். இரட்டித்தல் மட்டுமே அறிந்த வாய்பாட்டில் இந்த ஐந்தில் இரண்டை எக்காலத்திலும் மிச்சமின்றி அளக்க முடியாது. பாதி, கால், அரைக்கால், வீசம் என்று எவ்வளவு இறங்கினாலும் ஒரு துணுக்கு எஞ்சிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒரு நாழிக்கு எட்டு ஆழாக்கு, அதாவது நாற்பது செவிடு. அதில் ஐந்தில் இரண்டு பதினாறு செவிடு. பதினாறு செவிடு என்பது மூன்று ஆழாக்கும் ஒரு செவிடும். ஆகவே ஒரு கலம் நெல்லுக்குரிய அரிசி, நான்கு குறுணி ஆறு நாழி ஓர் உழக்கு ஓர் ஆழாக்கு ஒரு செவிடு என்று, ஒரு மணி கூடாமலும் குறையாமலும் வந்து நிற்கிறது. அந்த ஒற்றைச் செவிடு வந்து பொருந்தும் இடம், நல்ல தாளக்கட்டில் முத்தாய்ப்பு சமத்தில் வந்து விழும் இடத்தைப் போன்றது.

திருமலையைச் சூழ்ந்த சித்தூர்ப் பகுதியில் தமிழ் ஏணிக்கு அருகிலேயே தெலுங்கு ஏணியும் வழங்கியது. நான்கு கித்த ஒரு சோல, இரண்டு சோல ஒரு தவ்வ, இரண்டு தவ்வ ஒரு மானிக என்று அதுவும் இரட்டித்தே ஏறி, இருபது தூமு ஒரு புட்டி என்பதில் முடியும். 1956ஆம் ஆண்டின் எடையளவைச் சட்டத்தைத் தொடர்ந்து மெட்ரிக் முறை நாடெங்கும் பரவியபோது இரண்டு ஏணிகளும் கடைத்தெருவிலிருந்து விலகின.

விலகினாலும், படி என்ற பழைய அளவைச் சொல் திருமலையில் இன்றும் உயிரோடு இருக்கிறது. கல்வெட்டுகள் அதிரசப்படி, அப்பப்படி என்று பணியாரங்களைப் படியால் எண்ணியதைப் போலவே, லட்டு தயாராகும் போட்டு, அதாவது தெலுங்கில் மடைப்பள்ளி, 51 லட்டுகளை ஒரு படி என்று கணக்கிடுகிறது. எந்தப் பொருள் எவ்வளவு என்று வகுக்கும் பட்டியலுக்குத் திட்டம் என்று பெயர். பலமுறை திருத்தப்பட்ட அப்பட்டியலின், பத்திரிகைகளில் வெளியான ஒரு வடிவத்தில், 5,100 லட்டுகளுக்குக் கடலைமாவு 180 கிலோ, நெய் 165, சர்க்கரை 400, முந்திரி 30, உலர்திராட்சை 16, கற்கண்டு 8, ஏலம் 4 என, மொத்தம் 803 கிலோ கூறப்பட்டுள்ளது. 5,100 என்பது சரியாக நூறு படி. எனவே புள்ளியை இரண்டு இடம் நகர்த்தினாலே ஒரு படிக்குரிய திட்டம் கிடைத்துவிடும்: மாவு 1.8 கிலோ, நெய் 1.65, சர்க்கரை 4, முந்திரி 300 கிராம், திராட்சை 160, கற்கண்டு 80, ஏலம் 40. பழைய படியும் புதிய கிலோவும் இவ்வளவு இணக்கமாகக் கைகோத்த இடம் வேறொன்று எளிதில் அகப்படாது.

நாழியும் நாழிகையும் ஒரே குடும்பத்துச் சொற்கள்; உட்டுளையுள்ள குழலைக் குறிக்கும் வேரிலிருந்து இரண்டும் பிறந்தவை. நீர் இறங்கும் அளவால் பொழுதைக் காட்டிய கருவிக்கு நாழிகை வட்டில் என்றே பெயர் இருந்தது. பகலும் இரவும் சேர்ந்து 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். அதில் அறுபதில் ஒன்றான விநாழிகை 24 விநாடி. ஐந்து நாழிகைக்கு இரண்டு மணி என்பதை நினைவில் கொண்டவர்க்குப் பஞ்சாங்கம் திறந்த நூல். திதி பதினேழரை நாழிகை வரை என்றால், இரண்டால் பெருக்கி முப்பத்தைந்தாக்கி ஐந்தால் வகுக்க, சூரியோதயத்திலிருந்து ஏழு மணி என்று ஆகிறது, உதயம் 6.05 என்றால் அத்திதி பிற்பகல் 1.05 வரை நிற்கும். ஐந்தும் இரண்டும் இங்கேயும் வந்து நிற்பது, ஐஞ்சிரண்டை அறிந்தவர்க்குத் தனி இன்பம். வட்டத்தின் 360 பாகையைப் புவி 60 நாழிகையில் சுற்றுவதால் ஆறு பாகைக்கு ஒரு நாழிகை, ஒரு பாகைக்குப் பத்து விநாழிகை. இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகைக்கு வகுக்கப்பட்டது. திருப்பதி ஏறத்தாழ 79.4 பாகையில் இருப்பதால், அவ்வூரின் இயல்பான பொழுது கடிகாரத்துக்கு மூன்று பாகை, அதாவது அரை நாழிகை பிந்தி ஓடுகிறது.

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் உள்ள காதங்கியில், தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகத்தின் ரேடார், ஓர் அளவையை மற்றோர் அளவையாக மாற்றும் இதே வேலையை வானத்தை நோக்கிச் செய்கிறது. 1,024 ஆண்டெனாக்கள் 53 மெகாஹெர்ட்ஸ் அலையை மேலே அனுப்ப, காற்றடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலி வந்து சேரும் நேரத்தைக் கொண்டே உயரம் கணிக்கப்படுகிறது. அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் செல்லும். ஏறவும் இறங்கவும் வேண்டியிருப்பதால் அதைப் பாதியாக்கி, ஒரு மைக்ரோ விநாடிக்கு 150 மீட்டர் என்று கொள்வர். அனுப்பிய அலை 110 மைக்ரோ விநாடியில் திரும்பினால், அது தொட்டுவந்த அடுக்கு 16.5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது.